அகதிகளும் போதைப் பழக்கமும்: ஒரு திருத்தம்

அகதிகளும் குடியேறியவர்களும் போதைப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள், உள்ளூரில் பிறந்தவர்களைவிட அவர்களிடம் அது அதிகம் என்று மேலே சிலர் எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தரவுகள் காட்டுவது வேறு.

ஸ்வீடனில் சுமார் 12 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்தது. மது, போதைப்பொருள் சார்ந்த நோய் கண்டறியப்பட்ட விகிதம் அங்கே பிறந்தவர்களைவிட அகதிகளிடமும் மற்றக் குடியேறிகளிடமும் குறைவாகவே இருந்தது. போரையும் இழப்பையும் கடந்து வந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். சிறுவயதில் வந்தவர்களிடமும் நெடுநாள் தங்கியவர்களிடமும் இந்த இடைவெளி சுருங்கி, உள்ளூர் அளவை நெருங்கியது.

மருத்துவரிடமே போகாதவர்கள் கணக்கில் வரமாட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 2012-13-இல் 36,000-க்கும் அதிகமானோரை நேரில் பேட்டி கண்ட தேசிய ஆய்விலும் குடியேறியவர்களிடம் விகிதம் குறைவுதான்.

நீங்களே சரிபார்க்கலாம். அந்த இதழ் இணையத்தில் இலவசம். இதழ்ப் பெயர், ஸ்வீடன், அகதிகள் என்று ஆங்கிலத்தில் தேடினால் கட்டுரை கிடைக்கும். அட்டவணையில் 'ஹசார்ட் ரேஷியோ' எண்ணைப் பாருங்கள்: 1-க்குக் கீழே இருந்தால், ஒப்பிடப்படும் உள்ளூர்க்காரர்களைவிடக் குறைவு என்று பொருள். வந்து பல ஆண்டுகள் ஆனவர்களின் வரிசையையும் தவறாமல் பாருங்கள். தடுப்புப் பணிக்கு உண்மையில் உதவுவது அந்த வரிசைதான்.