ககன், ஜி.பி.எஸ்.ஸுக்கு மாற்று அல்ல

“ககன் வந்துவிட்டது, இந்திய விமானங்களுக்கு இனி அமெரிக்க ஜி.பி.எஸ். தேவையில்லை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஜி.பி.எஸ். நின்றுபோனால் ககனும் பயன்படாது.

இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன், ஜி.பி.எஸ். சிக்னலைத் திருத்தும் ஏற்பாடு. திருவனந்தபுரம், ஜம்மு, போர்ட் பிளேர் உட்பட 15 இடங்களில் தரைநிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் இருப்பிடமும் துல்லியமாக அளந்து வைக்கப்பட்டது. ஜி.பி.எஸ். காட்டும் இடம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, அந்தத் திருத்தத்தை ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாக விமானத்துக்கு அனுப்புகிறார்கள். சிக்னலை நம்ப முடியாதபோது சில நொடிகளில் எச்சரிக்கையும் போகும். விமானிக்கு இதுதான் உயிர்நாடி. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக அமையும் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், நம் வானின் அயனி மண்டலம் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல்வளி அடுக்கு) சிக்னலை அதிகமாகவே அலைக்கழிக்கிறது. அதைக் கணித்துத் திருத்தியதுதான் நம் பொறியாளர்களின் உண்மையான சாதனை. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககன் துணையோடு இறங்கியது.

இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் பெயர் நாவிக். அது வேறு, ககன் வேறு.