அந்த யானை உபரி இல்லை

ஆப்பிரிக்காவில் உரிமம் வாங்கி யானையை வேட்டையாடுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை நடந்த ஜூம் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. "வயசான ஆண் யானைதானே, இனப்பெருக்க வயசு தாண்டியது, எப்படியும் சாகப்போவது, அதை ஒரு பணக்காரன் சுட்டுட்டுப் போனா அந்தக் காசுல நூறு யானை பிழைக்கும்" என்று ஒருவர் ஆற அமரச் சொன்னார். காட்டைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் என்று நான் மதிக்கிற அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். மறுத்துப் பேசிய எனக்கு என்ன பதில் கிடைத்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த யானைகள். பேச்சே அம்போசெலி யானைகளைப் பற்றித்தான். கென்யாவின் தெற்கு எல்லையில், கிளிமஞ்சாரோ மலையைப் பார்த்தபடி இருக்கிற பூங்கா அது. 1972-லிருந்து யானை ஆய்வாளர் சிந்தியா மாஸும் அவருடைய குழுவும் அங்கே ஒவ்வொரு யானைக்கும் பெயர் வைத்து, தாய் யார், எந்தக் குடும்பம், எப்போது பிறந்தது என்று எழுதி வருகிறார்கள். உலகத்தில் இவ்வளவு நீண்ட காலம் கவனிக்கப்பட்ட யானைக்கூட்டம் வேறு கிடையாது. அந்த யானைகள் எல்லை தாண்டி தான்சானியாவின் எண்டுய்மெட் பகுதிக்குப் போய் வரும். கென்யாவில் 1977-லிருந்து வேட்டைக்குத் தடை. தான்சானியாவில் உரிமம் வாங்கினால் சுடலாம். 1990-களின் நடுவில் அந்தப் பக்கம் போன ஆண் யானைகளைச் சுட்டு, அது பெரிய விவகாரமாகி, எல்லைப்பகுதியில் இனி வேட்டை வேண்டாம் என்று ஓர் உடன்பாடு வந்தது. அது சட்டமா, வெறும் வாய்ப்பேச்சா என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய 30 வருஷம் அது நின்றது. 2023 செப்டம்பரில் முறிந்தது. அடுத்த எட்டு மாதத்துக்குள் ஐந்து ஆண் யானைகள் சுடப்பட்டதாக அங்கே வேலை செய்கிற ஆய்வாளர்கள் சொன்னார்கள். முதலில் போனதாக அவர்கள் அடையாளம் சொன்னது கில்கில் என்ற யானை. வயது 35.

முப்பத்தைந்து! இதைத்தான் வயசானது, காலம் முடிந்தது என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

ஆப்பிரிக்க சவானா யானை அறுபது வயதைத் தாண்டியும் வாழும். ஆண் யானை பதினான்கு, பதினைந்து வயதில் அம்மாவின் கூட்டத்தை விட்டு வெளியே வரும். முப்பதை நெருங்கும்போதுதான் ஒழுங்காக மதம் பிடிக்கவே ஆரம்பிக்கும். மதத்தில் இருக்கிற பெரிய ஆணைத்தான் பெண் யானைகள் விரும்பும். நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கிற ஆண்கள்தான் அதிகம் குட்டிக்குத் தகப்பன் ஆகின்றன என்பதை அம்போசெலியிலேயே மரபணுச் சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். ஆண் யானை கடைசிவரை வளர்ந்துகொண்டே இருக்கும், தந்தமும் கூடவே வளரும். வேட்டைக்காரனுக்கு வேண்டியது பெரிய தந்தம். அப்படியென்றால் அவன் சுடுவது யாரை? இப்போதுதான் தகப்பனாக ஆரம்பித்திருக்கிற அல்லது அதன் உச்சத்தில் இருக்கிற ஆணை. இதில் "காலம் முடிந்தது" எங்கே வந்தது?

ஒரு பக்கத் தந்தமே 45 கிலோவுக்கு மேல் இருக்கிற யானையை 'சூப்பர் டஸ்கர்' என்பார்கள். ஆப்பிரிக்கா முழுக்கச் சேர்த்தாலும் இன்றைக்கு அப்படிப்பட்டவை சில டஜன்தான். அவற்றில் பத்துக்குப் பக்கம் அம்போசெலியைச் சேர்ந்தவை. பத்துதான். இதில் எது உபரி?

திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தோன்றும். தோன்றட்டும். அந்த யானை உபரி இல்லை. அது இல்லாமல் மற்றது நடக்காது.

சரி, போட்ஸ்வானா. இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் உடனே போட்ஸ்வானாவை இழுப்பார்கள். அங்கே 1,30,000 யானைகள் இருக்கின்றன, உலகத்திலேயே அதிகம். சுட்ட யானையின் தந்தத்தையும் தலையையும் இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜெர்மனி அரசு பேசியபோது, அப்போதைய அதிபர் மசிசி 2024 ஏப்ரலில் ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், நீங்களே வைத்து வாழ்ந்து பாருங்கள் என்று சொன்னார். அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. யானையோடு வாழாத நாட்டு அமைச்சர் உங்கள் ஊரில் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2014-ல் முந்தைய அதிபர் இயன் காமா போட்ட வேட்டைத் தடையை 2019-ல் மசிசி எடுத்தார். அதற்குப் பிறகு ஆண்டுக்குச் சுட அனுமதி கொடுக்கிறது சில நூறு யானைகளைத்தான். ஒரு லட்சத்து முப்பதாயிரத்தில் சில நூறைச் சுட்டால் எண்ணிக்கை குறையுமா? பெண் யானை ஈன்றுகொண்டே இருக்கும். சுடப்படுவது ஆண், அதிலும் பெரிய தந்தம் உள்ள ஆண். வேட்டைக்காரன் தேடிப்போவது வயலில் இறங்கிய யானையை இல்லை, பெரிய தந்தத்தை. அதிகமாகிவிட்டது, அதனால் சுடுகிறோம் என்று சொல்லாதீர்கள். பணத்துக்காகச் சுடுகிறோம் என்று சொல்லுங்கள், அது வேறு வாதம், அதற்கு வேறு பதில். 2022-ல் அங்கே ஒரு மிகப் பெரிய தந்தக்காரனைச் சுட்டார்களே, அதற்கு 50,000 டாலர் என்று செய்தி வந்தது. அந்த யானையைச் சுட்டதால் எந்த ஊரில் எந்த வேலி பிழைத்தது?

பணம் கிராமத்துக்குப் போகிறது, இறைச்சியும் போகிறது என்பார்கள். போகிற இடங்கள் உண்டு. நமீபியாவில் 1996-லேயே சட்டம் போட்டு, காட்டு விலங்கு வருமானத்தில் கிராமத்துக்கு உரிமை கொடுத்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்போசெலி நிலைமை அது இல்லை. அந்த யானை பாதி நாள் கென்யாப் பக்கத்து மாசாய் மக்களின் நிலத்தில்தான் நிற்கிறது. அவர்கள் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள், மாட்டுக்கான தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அதைப் பார்க்க வருகிற பயணிகளால் அவர்களில் பலருக்குப் பிழைப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தோட்டா வெடித்தால் இந்தப் பக்கத்து மக்களின் வருமானத்தில் அடி விழுகிறது, அவர்களை யாரும் கேட்கவில்லை. உள்ளூர் மக்களின் உரிமை என்று ஞாயிற்றுக்கிழமை அத்தனை முறை சொன்னீர்களே, இவர்கள் எந்த ஊர் மக்கள்?

அப்புறம் இன்னொன்று. கென்யா தடை போட்டும் யானை அழிந்தது, ஆகவே தடை உதவாது என்பது. 1970-களில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த யானை, 1989-ல் பதினாறாயிரத்துக்கு வந்தது, உண்மை. தந்தத்துக்காகத் திருடர்கள் துப்பாக்கியோடு இறங்கிய காலம் அது. அந்த வருஷம்தான் காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை தந்தத்தின் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை கொண்டுவந்தது. 2021 கணக்கெடுப்பில் கென்யாவில் 36,280. இப்போது வேட்டையை அனுமதித்த தான்சானியாவைப் பாருங்கள். 2009-ல் 1,09,051. 2014-ல் 43,330. அந்த அரசே வெளியிட்ட கணக்கு இது. ஐந்து வருஷத்தில் அறுபது சதவீதம். அதில் நிறையச் செத்தது செலூஸ் காட்டில், அந்தக் காட்டின் பெரும்பகுதி அப்போது வேட்டைக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்த வட்டாரம். வேட்டைக்காரர்கள் காட்டில் இருந்தால் திருடன் வரமாட்டான் என்பதைச் சொல்வதற்கு முன் இந்த எண்களுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் எனக்கு அந்த வாக்கியம் வந்தது.

"உங்க வீட்ல ஒருத்தர யானை மிதிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தேன். என் சித்தப்பாவை யானைதான் கொன்றது. மார்கழி மாதம், விடியாத நேரம், பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போனவர் தேயிலைக்குள் நின்ற யானையைப் பார்க்கவே இல்லை. கூடப் போனவர் ஓடித் தப்பித்தார். செய்தி லயத்துக்கு வந்தபோது சித்தி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். இழப்பீட்டுத் தொகைக்காக அவர் எத்தனை வருஷம் எந்தெந்தப் படிகளில் ஏறி இறங்கினார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பலா பழுக்கும் காலத்தில் இன்றைக்கும் அவர் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வெளியே வருவதில்லை. இவ்வளவுதான் சொல்வேன். இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. செத்தவரைக் காட்டி வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அன்றைக்கு ஊருக்கு வந்த வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவர், காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்தவர், சொன்னதை மட்டும் எழுத வேண்டும். லயத்தில் எல்லோரும் அந்த யானையைச் சுடச் சொல்லி நின்றார்கள். அவர் சுவடைப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பய, புதுசா வந்திருக்கான். பெரியவன் இருந்தவரைக்கும் இந்தப் பசங்க இந்தப் பக்கம் ஆட மாட்டானுங்க" என்றார். அந்தப் பெரிய கொம்பனைச் சில வருஷம் முன்பு தந்தத்துக்காக யாரோ சுட்டிருந்தார்கள். ஒரே ஒருத்தருடைய அனுபவத்தை வைத்து அறிவியல் பேசுகிறாயா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரி, அறிவியலுக்கே வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் பிலானெஸ்பெர்க் என்று ஒரு பூங்கா. க்ரூகர் காட்டில் யானை அதிகம் என்று கூட்டங்களைச் சுட்டுத் தள்ளியபோது மிஞ்சிய அநாதைக் குட்டிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்தன. ஆண்களுக்கு வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, வாரக்கணக்கில் அடங்கவில்லை. 1992 முதல் 1997 வரை அந்த இளசுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. யாருக்கும் புரியவில்லை. 1998-ல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது. காண்டாமிருகம் சாவது நின்றது. 2000-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் கட்டுரையாகவே வந்தது. பெரியவர்களைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் லயத்துக்கு நாற்பது வயதுக் கொம்பன் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. யானை யானைதான். ஆனால் பெரியவனை எடுத்துவிட்டால் கிராமத்துக்கு நல்லது என்று யாராவது ஜூமில் உட்கார்ந்து சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு வருகிற சின்னப் பசங்களோடு வாழப்போவது அவர்கள் இல்லை.

நம் பக்கத்துப் பெரியாறு காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-கள், 80-களில் தந்தத்துக்காகக் கொம்பன்களை மட்டும் தேடித் தேடிக் கொன்றதில், வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்ற நிலைக்கு வந்தது. நூறு பெண் யானைக்கு ஓர் ஆண். எண்ணிக்கையைப் பார்த்தால் காடு நிறைய யானை. குட்டிகளைப் பார்த்தால் குறைவு. அது திருட்டு வேட்டை, இது உரிமம் வாங்கிய வேட்டை, இரண்டையும் ஒன்றாக்காதே என்பீர்கள். சட்டத்துக்கு இரண்டும் வேறுதான். யானைக்கூட்டத்துக்கு என்ன வேறு? இரண்டு துப்பாக்கியும் பெரிய தந்தத்தைத்தான் தேடுகிறது.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்று கூட்டத்திலேயே சொன்னீர்கள். ஆமாம், படுகிறேன். பல லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு மிருகத்தைக் கொன்று, அதன் தலைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறவன் உணர்ச்சி இல்லாமலா செய்கிறான்? அவனுடைய ஆசைக்கு 'பாதுகாப்பு' என்று பெயர் கிடைக்கிறது. என் வருத்தத்துக்கு மட்டும் 'உணர்ச்சிவசம்'. 2012-ல் ஸ்பெயின் மன்னர் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய் இடுப்பு உடைந்து திரும்பியபோது அந்த நாட்டு மக்களே கொதித்தார்கள். அவரைத் தன் கௌரவத் தலைவராக வைத்திருந்த உலக இயற்கை நிதியத்தின் ஸ்பெயின் கிளை அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. அவர்களையும் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் என்று சொல்வீர்களா?

யானையால் செத்தவர்களின் குடும்பத்துக்கு உடனே பணம் வர வேண்டும், வயலுக்கு வேலி வேண்டும், வழித்தடத்தில் ரிசார்ட் கட்டுகிறவனைக் கேட்க வேண்டும், இதையெல்லாம் போட்ஸ்வானாவிலும் கேட்க வேண்டும், பந்தலூரிலும் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அந்தச் சாவுகளை ஒரு பணக்காரனின் தோட்டாவுக்குக் காரணமாகக் காட்டாதீர்கள். சித்தப்பா போன்றவர்கள் அதற்காகச் சாகவில்லை.

கூட்டம் நடத்தியவர்கள் அதன் பதிவை யூடியூபில் ஏற்றப்போகிறார்களாம். ஏற்றட்டும். நான் தான்சானியா கணக்கைக் கேட்ட பகுதியையும் வெட்டாமல் ஏற்றட்டும். கில்கில்லின் வயதைச் சொன்னபோது சிரித்தவர்கள் யார் என்பதும் அதில் தெரியும். கீழே போட்ஸ்வானா, நமீபியா, கென்யா எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள், எண்களோடு வாருங்கள், ராத்திரி வேலை முடித்து வந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். "உங்க வீட்ல" என்று ஆரம்பிக்கிற கமெண்டை மட்டும் படிக்காமலே அழித்துவிடுவேன்.