"சாரி சொல்லு, கை குடு"

குழாயடியில் இரண்டு ஏழாம் வகுப்புப் பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓடிவந்த டீச்சரின் முதல் கேள்வி: "யார்டா முதல்ல அடிச்சது?" அங்கேயே காரியம் கெட்டது. "அவன்தான் மிஸ்", "இல்ல மிஸ், இவன்தான் அம்மாவ இழுத்தான்". சுற்றி நிற்கும் அத்தனை பேரும் சாட்சி. கடைசியில் "சாரி சொல்லு, கை குடு". கை கொடுக்கும்போதே விரலை நெரிப்பார்கள். மிச்சம் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்.

முதலில் ஆளுக்கொரு பக்கம் அனுப்புங்கள், தண்ணீர் குடிக்கட்டும். ஒரு 20 நிமிடம் பேச்சே வேண்டாம். மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு நியாயம் காதில் ஏறாது. பிறகு வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடத்தில் உட்காரவைத்து ஆளுக்கு 2 நிமிடம், குறுக்கே பேசக் கூடாது. என்ன நடந்தது, அப்போ உனக்கு எப்படி இருந்தது, இப்போ என்ன செய்தால் சரியாகும்? இவ்வளவு கேட்டால் போதும்.

பலரும் தாண்டிப்போகிற படி ஒன்று உண்டு: அவன் சொன்னதை இவன் திருப்பிச் சொல்வது. "கேக்காம என் ஜாமெட்ரி பாக்ஸ எடுத்தான்" என்று அவன் சொன்னால், "நான் கேக்காம எடுத்ததுல உனக்குக் கோபம்" என்று இவன் வாயால் வரவேண்டும். அவன் "ஆமா" என்று தலையாட்டும்வரை நகரக் கூடாது. முதல் தடவை "ஆனா அவன் மட்டும்..." என்றுதான் ஆரம்பிப்பான். மறுபடி கேளுங்கள். முடிவில் "இனி சண்டை போட மாட்டோம்" என்றால் செல்லாது. "காம்பஸ் வேணும்னா கேட்டு வாங்குவேன், அதே பீரியட்ல குடுத்துடுவேன்" செல்லும். நோட்டில் எழுதி, 3 நாள் கழித்து விசாரியுங்கள்.

இப்படிச் சண்டையைத் தீர்த்துவைக்கப் பிள்ளைகளையே பழக்கலாம், இரண்டிரண்டு பேராக. போர்டில் பேர் எழுதும் கிளாஸ் லீடர் மட்டும் வேண்டாம், அவன் ஏற்கெனவே போலீஸ்.

நாலு பேர் சேர்ந்து ஒருவனைச் சீண்டுவதும் சாதி சொல்லித் திட்டுவதும் இந்தக் கணக்கில் வராது. அங்கே சமாதானம் பேச உட்காரவைப்பது அடிபட்டவனுக்கு இரண்டாவது அடி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் +2 மாணவனைக் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அறுப்பது சுலபம். புகார் சொன்ன பிள்ளையின் பேர் வெளியே போகாமல் காப்பதுதான் கஷ்டம். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், செக்ஷன் மாற்றுவதானால் சீண்டியவனை மாற்றுங்கள். நம்மூரில் அடிபட்டவனைத்தான் மாற்றுகிறோம்.