ஆப் சந்தாவுல சேர ஒரு தட்டு போதும், விலக மட்டும் ஏன் இத்தனை கதவு?

காசு வாங்குறப்போ மட்டும் இந்தச் சந்தா ஆப் கம்பெனிக்காரங்களுக்கு எல்லாமே சுலபம். ஒரு ரூபாய் ட்ரையல்னு காட்டுவாங்க, யுபிஐ பின்னைப் போட்டதும் சந்தா ஆரம்பிச்சிடும். வேண்டாம்னு சொல்லப் போனாதான் வழியே கண்ணுக்குத் தெரியாது.

எங்க அப்பா போன்ல இருந்த ஒரு வீடியோ ஆப்பை ரத்து பண்ண உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், அக்கவுண்ட், உதவின்னு தோண்டித் தோண்டி ஒரு பக்கம் வந்துச்சு. 'தொடர்கிறேன்'னு திரை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான். அதுக்குக் கீழே வெளிறிப்போன சாம்பல் எழுத்துல 'ரத்து செய்'. அது அழுத்துற இடம்னே தெரியாது. அழுத்தினா ஏன் போறீங்கன்னு கேள்வி, அப்புறம் பாதி விலைக்குத் தர்றோம்னு கெஞ்சல், கடைசியில வாடிக்கையாளர் சேவைக்கு போன் பண்ணுங்கன்னு ஒரு வரி. எழுபது வயசு மனுஷன் இதையெல்லாம் எப்படித் தாண்டுவார்? ஆப்பை டெலீட் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நம்பிட்டார். ஆப் போனாலும் ஆட்டோபே, அதாவது தானா பணம் பிடிக்க நாம கொடுத்த அனுமதி, போகாதே! பென்ஷன் கணக்குலேர்ந்து மாசாமாசம் பணம் போய்க்கிட்டே இருந்துச்சு. வயித்தெரிச்சல்!

தெரிஞ்சே பண்றாங்க. நாம அலுத்துப்போய் விட்டுடுவோம்ங்கிறதுதான் இவங்க கணக்கு. பிரைம் சந்தாவுல மக்களைச் சம்மதமில்லாம சேர்த்து, விலக விடாம இழுத்தடிச்சாங்கன்னு அமேசான் மேல அமெரிக்காவோட வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023ல வழக்கு போட்டுச்சு. 2025 செப்டம்பர்ல அது 250 கோடி டாலர் சமரசத்துல முடிஞ்சுது. ஜெர்மனியில 2022 ஜூலையிலேர்ந்து ஆன்லைன் சந்தாவுக்கு ரத்து பொத்தான் வைக்கிறது சட்டப்படி கட்டாயம்.

இங்கேயும் விதி இருக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல பட்டியல் போட்ட 13 டார்க் பேட்டர்ன்ல, அதாவது நம்மளை ஏமாத்துற வடிவமைப்புத் தந்திரங்கள்ல, இந்தச் சந்தாப் பொறியும் ஒண்ணு. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் சொல்லணும்னு ரிசர்வ் வங்கியும் சொல்லியிருக்கு. அப்பாவுக்கும் வந்திருக்கு, ஆங்கிலத்துல, லோன் விளம்பர எஸ்எம்எஸ் குவியலுக்கு நடுவுல. அவர் அதை எங்கே தேடிப் படிப்பார்? காகிதத்துல விதி இருந்து என்ன பிரயோஜனம்? அபராதம் போட்டு வசூல் பண்ணுங்க, அப்போ பொத்தான் தானா பெரிசாகும்.

வீட்டுல பெரியவங்க போனை இன்னைக்கே வாங்கிப் பாருங்க. யுபிஐ ஆப்புல ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கும். யுபிஐ வழியா போட்ட சந்தாவை அங்கேயே நிறுத்திடலாம், கம்பெனிக்காரன்கிட்ட கெஞ்ச வேண்டாம். அநியாயமா பணம் பிடிச்சிருந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் கொடுங்க. சின்னத் தொகைதானேன்னு மட்டும் விட்டுடாதீங்க.