டாக்டர் சாந்தா செய்த வேலையைப் பற்றிப் பேசுங்கள்

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை வளர்த்த டாக்டர் சாந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த நினைவுக் கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேடையில் பேசியவர் அவருடைய உறவினர்களிலிருந்து, சர் சி.வி.ராமனில் ஆரம்பித்தார். பிறகு சந்திரசேகர். இரண்டு நோபலும் முடிந்து டாக்டர் சாந்தாவிடம் வந்ததும், கல்யாணம் செய்துகொள்ளாத தியாகி, சின்ன அறை, எளிமையான புடவை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரி நடத்தினாருங்க! 1955-ல் எம்.டி. முடித்து, தேர்வாணையத் தேர்விலும் தேறி, அரசு வேலை கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, முத்துலட்சுமி ரெட்டி முந்தின வருஷம் அடையாறில் 12 படுக்கைகளோடு தொடங்கிய கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கேன்சர் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. இவரும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும்தான் அங்கே டாக்டர்கள். 1980 முதல் 1997 வரை இயக்குநர். படுக்கைகள் நானூறைத் தாண்டின. பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலவசம் அல்லது குறைந்த கட்டணம். மருந்துக்கும் இயந்திரத்துக்கும் சம்பளத்துக்கும் பணம் புரட்டி அதை வருஷக்கணக்கில் ஓட்டிக் காட்டியது நிர்வாகத் திறமை. மனசு நல்லா இருந்தா மட்டும் ஆஸ்பத்திரி நடக்காது.

எங்கள் பெரியம்மாவுக்கு அங்கேதான் வைத்தியம். அதற்கு முன்னால் போன தனியார் ஆஸ்பத்திரியில், அட்வான்ஸ் கட்டாமல் உள்ளேயே விடவில்லை. நான் சொல்ல வருவது வேறு. பெரியப்பா போன பிறகு பெரியம்மா செக்கப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒரு நாள் ஊருக்குக் கடிதம் வந்தது. மேலே அவருடைய ஃபைல் நம்பர், கீழே நீங்கள் பரிசோதனைக்கு வரவில்லை, வாருங்கள் என்று ரெண்டு வரி. அண்ணன் படித்துக் காட்டினான். "நம்மளையும் ஒருத்தர் தேடுறாங்கடா" என்று மறுநாளே பஸ் ஏறிவிட்டார். அந்தக் கடிதம் சும்மா வந்துவிடாது. யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1981-ல் ஊரில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று குறித்து வைக்கும் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியதும் அதே அக்கறையில்தான். மேடையில் இதைச் சொல்ல என்ன தடை?

ராமன் உறவு பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை, தாத்தா முறைதான். ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். எளிமையைப் பாராட்டினால் உங்களுக்கு என்ன என்றும் சிலர் வருவார்கள். பாராட்டுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அடையாறு ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம், காத்துக் கிடக்கணும் என்று நேற்றே ஒருவர் எழுதியிருந்தார். கையில் காசில்லாமல் அந்த வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள், அவர்கள் பதில் சொல்வார்கள்.

ஒரு ஆண் ஆஸ்பத்திரி கட்டினால் எத்தனை படுக்கை, எத்தனை கோடி, எப்படி வளர்த்தார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு பெண் கட்டினால் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2005-ல் மகசேசே விருதும் 2016-ல் பத்ம விபூஷணும் அந்தச் சின்ன அறைக்காகவா கொடுத்தார்கள்?

எம்பிபிஎஸ் படிக்கும் என் அக்கா மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்து, "அப்படின்னா டாக்டரா இருக்கணும்னா எல்லாத்தையும் விடணுமா சித்தி?" என்று கேட்டாள். பிள்ளை மனதில் இதைத்தான் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த ஜனவரி 19, அவருடைய நினைவு நாளுக்காவது, அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு டாக்டரையோ நர்ஸையோ கூப்பிட்டு மைக்கைக் கொடுங்கள்.