பால் கணக்கு மட்டும் போதுமா?

மாடு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதுதான். அதன் தாய்க்கு எத்தனை முறை மடிநோய் வந்தது என்று கேட்கிறவர் குறைவு. சினை ஊசிக்குக் காளை தேர்ந்தெடுக்கும்போதும் இதே கதைதான். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

ஏன் என்று சொல்கிறேன். 1952-ல் ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்றொரு காளை பிறந்தது, ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனம். அதன் வழிவந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் பாலுக்குப் பேர்போன காளை. அதன் உறைவிந்து பல நாடுகளுக்குப் போனது. இரண்டின் மரபணுவிலும் ஒரே ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அந்தப் பிழை தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மாட்டைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் வந்துவிட்டால்தான் ஆபத்து. அந்தக் கன்றின் வெள்ளை அணுக்களால் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போக முடியாது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நிறைந்து கிடக்கும், ஆனால் வாய்ப்புண்ணும் நிமோனியாவும் தீராது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் செத்துப்போகும். 1992-ல் இதற்கு மரபணுச் சோதனை வந்தபோது, அமெரிக்காவில் சோதித்த ஹோல்ஸ்டீன் காளைகளில் சுமார் 14 சதவீதம் இந்தப் பிழையைச் சுமந்துகொண்டிருந்தன. பால், பால் என்று ஓடியபோது கூடவே வந்தது இது.

சரி, மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமாவைப் பாருங்கள். திமில் இல்லாத, குட்டையான மாடு. செட்ஸி ஈ பரப்பும் ஒட்டுண்ணி மற்ற மாடுகளை ரத்தசோகையில் தள்ளிக் கொல்லும் இடத்தில் இது மேய்கிறது. ஒட்டுண்ணி இதன் உடம்பிலும் ஏறும்; ஆனாலும் ரத்தம் அவ்வளவாகக் குறையாது, எடையும் இறங்காது. எதிர்ப்பு என்பதைவிட, தாக்குப்பிடித்தல் என்பதே பொருத்தம்.

இதை வைத்து, பழைய இனம் என்றாலே எந்த நோயும் அண்டாது என்று பேசுவதை நான் ஏற்கவில்லை. உண்ணியைத் திமிலுள்ள மாடுகள் நன்றாகத் தாங்கும். கோமாரி வந்தால் அவையும் அவதிப்படும், தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

அப்புறம், வேறுபாடு இனத்துக்கு இனம் மட்டும் இல்லை. ஒரே மேய்ச்சலில் ஒரு பசுவின் மேல் உண்ணி அப்பிக் கிடக்கும், பக்கத்தில் நிற்பதன் மேல் நாலைந்துதான் இருக்கும். இந்தக் குணம் கன்றுக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் ஹியர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் என்ற இரண்டு மாட்டினங்களின் கலப்பில் உண்ணி தாங்கியவற்றையே தேர்ந்து தேர்ந்து அடாப்டார் என்ற இனத்தை உருவாக்கினார்கள்.

மடிநோய் தாங்கும் குணம் அவ்வளவு எளிதாக வழிவழியாக இறங்காது. மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் மரபின் பங்கு சில சதவீதம்தான். இருந்தும் நார்வே 1975 முதல் பசுக்களின் சிகிச்சைகளைப் பதிந்து, 1978-ல் மடிநோயையும் காளைத் தேர்வில் சேர்த்தது. ஒரு காளையின் நூற்றுக்கணக்கான மகள்களைப் பார்த்தால் அந்தச் சிறு வித்தியாசமும் தெரிந்துவிடும்.

அடுத்த முறை சினை ஊசி போட வருகிறவரிடம், அந்தக் காளையின் மகள்களுக்கு மடி எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.