மாத்திரை கொடுத்த பிறகு யார் திரும்பி வருகிறார்கள்?

மருந்துச் சார்ட்டில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மாத்திரையைக் கொடுத்ததும் அதில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்து அந்த மனிதர் எப்படி இருந்தார் என்று எழுத அங்கே இடமில்லை. முதியோர் வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அந்த இல்லாத கட்டம் என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எழுபத்தொன்பது வயது அம்மா ஒருவர். சீரற்ற இதயத் துடிப்புக்காக நெடுநாளாக டிகாக்சின் எடுத்துக்கொள்பவர். அன்று காலை மருந்து டிராலியோடு போனபோது சாப்பாடு தொடப்படாமல் இருந்தது. “குமட்டுகிறது சிஸ்டர்” என்றார். “ரெண்டு நாளாகவே இப்படித்தான், வயசாகிவிட்டதில்லையா” என்றார் கூட இருந்த மகள். நானும் தலையாட்டியிருப்பேன். அதற்குள் அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “சுவரெல்லாம் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது?” என்று கேட்டார். சுவர் வெள்ளைதான்.

ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே இதயத்தின் முனையில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தெட்டு. மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். இரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்று வந்தது, 3.5-க்குக் கீழே இறங்கினாலே குறைவுதான்.

பிறகு பழைய பக்கங்களைப் புரட்டியபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் அளவு கூட்டப்பட்டிருக்கிறது. அதனால் கணுக்கால் வீங்கியிருக்கிறது. அந்த மருந்தின் நன்கறிந்த பக்கவிளைவு அது. வீக்கத்தைப் புதிய நோயாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைப் பிரிக்கும் ஃபுரோஸிமைடை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். சிறுநீரோடு பொட்டாசியமும் போய்விட்டது. பொட்டாசியம் குறைந்த உடம்பில், அதுவரை ஒத்துப்போன அதே அளவு டிகாக்சின் நஞ்சாகிவிட்டது. ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று நீளும் சங்கிலி இது. ஒவ்வொரு கண்ணியும் தனியே பார்த்தால் நியாயமாகவே தெரிகிறது.

இதில் என் பங்கும் உண்டு. முந்தின நாள் காலை அதே டிகாக்சினைக் கொடுத்தது நான்தான். மணிக்கட்டில் பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி, அறுபது என்று எழுதியிருந்தேன். துடிப்பு ஒழுங்கில்லாத ஒருவருக்கு அப்படி எண்ணக்கூடாது என்பது எனக்குத் தெரியும். டிராலியில் இன்னும் பதினெட்டுப் பேருக்கு மருந்து இருந்தது. கால் வீங்கியதையும் மூன்று நாள் முன்பே பார்த்திருந்தேன். “வீக்கம் உள்ளது” என்று எழுதினேனே தவிர, எந்த மருந்து மாறிய பிறகு வந்தது என்று யோசிக்கவில்லை.

டிகாக்சின் வகை மருந்துகளைத் தரும் ஃபாக்ஸ்குளோவ் செடியை முறையாக ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 1785-லேயே எழுதிவைத்துவிட்டார்: குமட்டல், வாந்தி, பொருட்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிவது, நாடி முப்பத்தைந்து வரை இறங்குவது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஓர் அடையாளம், அந்த அம்மாவின் வாயாலேயே வந்த பிறகும், வயதின் கணக்கில் சேர இருந்தது.

“வயதாகிவிட்டது” என்ற சொல்லைத்தான் நான் எதிர்க்கிறேன். முதியவர் உடம்பில் மருந்தின் தொல்லை பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல வருவதில்லை. அவர் விழுகிறார். சாப்பிட மறுக்கிறார். படுக்கையை நனைக்கிறார். பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். டெலீரியம் என்கிற திடீர் மனக்குழப்பம் வந்தால் கூச்சல் போடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். சத்தமே இல்லாமல், நாளெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடக்கிற வகைதான் முதியவர்களிடம் அதிகம் நழுவிப்போகிறது. தொந்தரவு தராத நோயாளி என்று நாம் நிம்மதியாகக் கடந்துபோகிற படுக்கை அது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று அப்படி ஆனால், முதல் கேள்வி “என்ன மருந்து புதிதாக வந்தது, எது மாறியது?” என்பதாக இருக்க வேண்டும். தூக்க மாத்திரையா? சளிக்குக் கொடுத்த பழைய வகை ஒவ்வாமை மாத்திரையா? முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் பட்டியலிட்டார். புதுப்பிக்கப்பட்டு இன்றும் பயன்படுகிற அந்தப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

மருந்தை வெளியேற்றும் சிறுநீரகத்தையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எண் சரியாக இருந்தால் நம்பிவிடுகிறோம். அது தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் அழகாகவே இருக்கும்.

இரத்த அழுத்தத்தை உட்காரவைத்து மட்டும் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒருமுறை. மேல் அளவு 20-ஓ, கீழ் அளவு 10-ஓ இறங்கினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேச வேண்டும். “தலை சுற்றுகிறதா?” என்று கேட்டால் பெரும்பாலான ஐயாக்கள் “இல்லை” என்றுதான் சொல்வார்கள், வீட்டுக்கு அனுப்பமாட்டார்களோ என்ற பயம். “எழுந்ததும் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டால் உடனே கட்டில் கம்பியைக் காட்டுகிறார்கள்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் பின்கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறேன். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் வகை மருந்தும் சேர்ந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடலாம், வியர்வை மறைவதில்லை. சட்டைக் கழுத்து ஈரமாக இருந்தால் குளூக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

முப்பது பேருக்கு ஒரு செவிலியர் இருக்கும்போது இதெல்லாம் நடக்கிற காரியமா என்று என் தோழிகளே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எல்லாரிடமும் திரும்பிப் போக முடியாது. புதிய மருந்து தொடங்கியவர், அளவு மாறியவர், இன்சுலின், மார்ஃபின் வகை வலிமருந்து, தூக்க மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் என்று சிலரை ட்யூட்டி தொடங்கும்போதே குறித்துக்கொள்ளலாம். மார்ஃபின் கொடுத்தவரிடம் மூச்சை எண்ணுவதற்கு முன் அவர் எவ்வளவு எளிதாக விழிக்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே மயக்கம் ஆழமாகும். இவ்வளவுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தை நிர்வாகம் வேலையாகக் கணக்கிட்டு ஆள் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் தொடங்கிய ‘தீங்கில்லா மருந்து’ முயற்சி, பல மருந்துகளைச் சேர்த்து எடுப்பதை மூன்று முதன்மைக் கவலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. போஸ்டர் எங்கள் சுவரிலும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை மாறவில்லை.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா வழக்கமாக எப்படி இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியாது. “இவர் இப்படி இருக்கமாட்டார்” என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம் எங்களுக்குப் பரிசோதனை முடிவைப் போல. தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் அலட்சியமாகத் தலையாட்டினால் மறுபடியும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு டிகாக்சினை நிறுத்தி, பொட்டாசியத்தைச் சரிசெய்து, அம்லோடிபினையும் குறைத்தார்கள். நாலாம் நாள் சுவர் வெள்ளையாகிவிட்டது என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் இரண்டு தோழிகளும் சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இன்று காலை ஆறாம் படுக்கைக்கு எழுதியது: “10.30. எழுந்து நின்றார். கம்பியைப் பிடிக்கவில்லை.”